வழிகாட்டும் கருவி

பழந்தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்று வந்த வழியை எடுத்துரைத்து, அவனையும் அவ்வள்ளல்பால் செலுத்துவதே ஆற்றுப்படையாகும். பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், மலைவழியில் எதிர்ப்படும் இடர்கள் எவை, எவ்விடத்தில் எவ்வாறு எச்சரிக்கையுடன் நடத்தல் வேண்டும் என்பவற்றையும் விரிவாக உரைக்கின்றது. இங்ஙனம் வழி கூறுவோனிடம் இரண்டு தகுதிகள் அமைந்துள்ளன. சென்று சேரவேண்டிய இடத்தை அவன் அறிவான். அவ்வழியில் தன் கால்களால் நடந்தும் வந்திருக்கின்றான்.

இக்காலத்தில் கார், பேருந்து, லாரி முதலிய ஊர்திகளைச் செலுத்துவோர்க்குக் கையகலக் கருவியொன்று வழி கூறுகின்றது. செல்லவேண்டிய ஊரின் பெயரை அதனிடம் தெரிவித்துவிட்டால் போதும். எத்தனை மீட்டர் சென்றபின் எப்பக்கம் திரும்புவது, ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பவற்றை அது படமாகக் காட்டும், வாய்விட்டும் கூறும். ஆயினும், ஆற்றுப்படைக் கலைஞனுக்கும் இக்கருவிக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இக்கருவி அவ்வழியில் ஒருநாளும் சென்றதில்லை. அது தன் இருப்பிடத்தை எவ்வாறு அறிகின்றது, எவற்றை அது அறியாது என்பவற்றை உணர்ந்து, தக்க கருவியைத் தேர்ந்து, தக்கவாறு பொருத்திக் கொள்வோர்க்கே அது நல்ல துணையாகும்.

நிலத்தை அளந்தோரும் விண்ணை நோக்கியோரும்

நிலத்தை அளந்து படமாக்கும் பணி நெடுங்காலமாக நடைபெற்று வருவதாகும். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில், வில்லியம் லாம்டன் என்பார் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அவ்வொரு கோட்டினை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அக்கோட்டினைப் பக்கமாகக் கொண்டு ஒரு முக்கோணம், அம்முக்கோணத்தின் பக்கத்தைக் கொண்டு மற்றொரு முக்கோணம் என அடுக்கிச் சென்று, இந்திய நாடு முழுவதையும் அளந்த பெரும்பணி அங்கிருந்தே வளர்ந்தது. வெயிலிலும் மழையிலும், காட்டுக் காய்ச்சலுக்கு இரையாகியும் பலர் உழைத்தமையால் நிலப்படங்கள் உருவாயின.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு 'ஸ்புட்னிக்' என்னும் முதற் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் ஏவியது. அதிலிருந்து வந்த வானொலிக் குறிப்பினை அமெரிக்க அறிஞர் இருவர் உற்று ஆராய்ந்தனர். நெருங்கி வரும் ரயிலின் ஊதலொலி கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது அதுவே தாழ்ந்தும் கேட்பதன்றோ? அதுபோலவே, துணைக்கோள் நெருங்கும்போது அதன் வானொலி அலையின் அதிர்வு மிகுந்தும், விலகும்போது குறைந்தும் காணப்பட்டது. இவ்வேறுபாட்டினைக் கணக்கிட்டு, தாம் இருந்த இடத்திலிருந்தே துணைக்கோளின் பாதையை அவர்கள் வரையறுத்தனர். பின்னர் அக்கணக்கு மறுதலையாக எண்ணப்பட்டது. துணைக்கோளின் பாதை தெரியுமாயின், நிலத்திலோ கடலிலோ இருப்பவர் தம் இடத்தை அறியலாம் அன்றோ? இவ்வெண்ணத்தின் பயனாக, கப்பல்களுக்கு வழிகாட்டும் 'டிரான்சிட்' என்னும் துணைக்கோள்கள் 1960ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்டன.

இதனினும் சிறந்த அமைப்பொன்றை உருவாக்கும் பணியை அமெரிக்கப் படைத்துறை 1973ஆம் ஆண்டில் மேற்கொண்டது. அதுவே ஜி.பி.எஸ். என வழங்குவது. அதன் முதல் துணைக்கோள் 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்த தென்கொரியப் பயணிகள் விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். வழி தவறுதல் உயிருக்கே உலையாகும் என்பதை உலகம் உணர்ந்தது. அதன்பின், இவ்வமைப்பு நிறைவெய்தியதும் பொதுமக்களும் அதனைப் பயன்படுத்தலாம் என அமெரிக்க அரசு அறிவித்தது. 1995ஆம் ஆண்டில் 24 துணைக்கோள்களுடன் அது முழுமையாக இயங்கலாயிற்று. எனினும், பொதுமக்களுக்குரிய குறிப்புகளில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தமையால், காட்டப்பெறும் இடம் 100 மீட்டர் வரை விலகியிருக்கக் கூடும். 2000ஆம் ஆண்டு மே திங்களில் அப்பிழை நீக்கப்பட்டது. அதன் பின்னரே, எந்தத் தெருவில் ஊர்தி செல்கின்றது என்பதை ஐயமின்றிக் காட்டுதல் எளிதாயிற்று.

ஊர்திக்கு வழிகாட்டும் முயற்சி அதற்கும் முற்பட்டதே. 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம், சுழல்காட்டியின் துணையால் திசையறிந்து, ஒளி ஊடுருவும் படத்தாளின்மீது ஊர்தியின் செலவைக் காட்டும் கருவியை வெளியிட்டது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈடாக் நிறுவனம் நிலப்படத்தை ஒலிப்பதிவு நாடா போன்ற பேழைகளில் அடக்கித் தந்தது. 1990ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் ஜி.பி.எஸ். வழிகாட்டியை உள்ளமைத்த காரை விற்பனைக்குக் கொணர்ந்தது.

ஒரே நாட்டின் துணைக்கோள்களை நம்பியிருத்தல் ஏனைய நாடுகளுக்கு உகந்ததாக இல்லை. ஆதலின் ரஷ்யா 'குளோனாஸ்' என்றும், ஐரோப்பிய நாடுகள் 'கலிலியோ' என்றும், சீனா 'பெய்டோ' என்றும் தத்தம் அமைப்புகளை உருவாக்கின. இந்தியா 'நாவிக்' என்னும் அமைப்பினை நிறுவியது. கப்பலோட்டி என்னும் பொருள்படும் பெயர் அது. அதன் முதல் துணைக்கோள் 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. உலகம் முழுவதையும் நோக்காது, இந்திய நாட்டையும் அதன் எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டர் வரையிலான பரப்பையும் கருதி ஏழு துணைக்கோள்களுடன் வகுக்கப்பட்டது இவ்வமைப்பு.

காலமே தொலைவு

மின்னலைக் கண்ட சிறுவன் ஒருவன், இடியோசை கேட்கும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என வினாடிகளை எண்ணுகின்றான். ஓசை வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதாகலின், மூன்று வினாடிகள் கழிந்து இடியோசை கேட்குமாயின் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் தோன்றியது என அவன் அறிகின்றான். துணைக்கோள் வழிகாட்டியும் இவ்வாறே காலத்தைக் கொண்டு தொலைவை அளக்கின்றது.

ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை உலகைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும், அப்போதைய நேரத்தையும் வானொலி அலைகளாக இடைவிடாது அறிவித்துக்கொண்டே செல்கின்றது. வானொலி அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் விரைவில் செல்வது. ஆகவே, துணைக்கோள் தலைக்கு நேராக இருப்பினும், அக்குறிப்பு ஊர்தியிலுள்ள ஏற்பிக்கு வந்து சேர ஒரு வினாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து, அத்துணைக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை ஏற்பி கணக்கிடுகின்றது. மூன்று துணைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் ஏற்பியில் உள்ள கடிகாரம் எளியது. அதன் பிழையையும் கணக்கிட்டுக் களைதல் வேண்டும். ஆதலின் நான்காவது துணைக்கோள் ஒன்றும் தேவைப்படுகின்றது.

இக்கணக்கில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேரினும், தொலைவில் 300 மீட்டர் பிழை நேர்ந்துவிடும். அதனாற்றான் துணைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் வைக்கப்பட்டுள்ளன. உயரத்தாலும் விரைவாலும் அக்கடிகாரங்கள் நிலத்திலுள்ள கடிகாரங்களினும் நாள்தோறும் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்திச் செல்கின்றன. அறிஞர் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை கூறும் இவ்வேறுபாட்டினைத் திருத்தாவிடின், ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை சேர்ந்துவிடும். நாவிக் அமைப்பின் முதல் துணைக்கோளில் இருந்த மூன்று அணுக்கடிகாரங்களும் பின்னர்ப் பழுதுற்றமையால், அக்கோள் விண்ணில் நிலைத்திருந்தும் இடங்காட்டும் பணிக்கு உதவவில்லை. 2023ஆம் ஆண்டில் ஏவப்பட்ட புதிய நாவிக் துணைக்கோளில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட அணுக்கடிகாரம் இடம்பெற்றது.

இங்கு ஓர் உண்மையை மறவாது உளங்கொளல் வேண்டும். துணைக்கோள் ஊர்தியைப் பார்ப்பதில்லை. சாலையையும் பார்ப்பதில்லை. கலங்கரை விளக்கம் தன் ஒளியை வீசுகின்றது. அவ்வொளியைக் கண்டு மாலுமி தன் இடத்தை அறிகின்றான். எந்த மரக்கலம் எங்கே செல்கின்றது என்பதை விளக்கம் அறியாது. துணைக்கோளும் அத்தகையதே. "நீ இங்கே இருக்கின்றாய்" என்பதை மட்டுமே விண்ணின் உதவியால் கருவி அறிகின்றது. "இவ்வழியே செல்க" என்பதோ, மனிதர் ஆக்கிய நிலப்படத்திலிருந்து அது கூறுவதாகும். முன்னது மிகப்பெரும்பாலும் மெய்யாக இருக்கும்; பின்னது படம் எவ்வளவு மெய்யோ அவ்வளவே மெய்.

கருவியைத் தேர்தல்

ஊர்தி வழிகாட்டிகள் மூவகைப்படும். ஊர்தியைச் செய்யும்போதே அதனுள் அமைக்கப்படுவது ஒருவகை. முன்கண்ணாடியிலோ அதன் கீழுள்ள பலகையிலோ தனியே பொருத்தப்படுவது மற்றொரு வகை. கைப்பேசியையே வழிகாட்டியாகப் பயன்படுத்துவது மூன்றாம் வகை. நகருக்குள் கார் ஓட்டுவோர்க்குக் கைப்பேசியே பெரும்பாலும் போதுமானது. நெடுந்தொலைவு சரக்கேற்றிச் செல்லும் லாரிக்குத் தனிக்கருவி ஏற்றது. ஆதலின், எக்கருவி சிறந்தது என வினவுவதற்கு முன்னர், எவ்வூர்திக்கு, எவ்வழிக்கு என வினவுதல் வேண்டும்.

தேர்வோர் முதற்கண் நோக்கத்தக்கது, கருவி எத்தனை துணைக்கோள் அமைப்புகளின் குறிப்புகளை ஏற்கும் என்பதாகும். ஒரே அமைப்பினை நம்புவதினும் ஜி.பி.எஸ்., குளோனாஸ், கலிலியோ, நாவிக் முதலிய பலவற்றையும் ஏற்கும் கருவி சிறந்தது. உயர்ந்த மாடங்களுக்கு இடையே வானம் ஒரு கீற்றாகத் தெரியும் தெருவில், ஓர் அமைப்பின் கோள்கள் மறைந்தாலும் மற்றோர் அமைப்பின் கோள்கள் கைகொடுக்கும்.

அடுத்து நோக்கத்தக்கது நிலப்படம் எங்கே உள்ளது என்பது. சில கருவிகள் படத்தைத் தம்முள்ளேயே சேமித்து வைத்திருக்கும். சில, செல்லுமிடத்தில் தொலைபேசிக் கோபுரத்தின் வழியாக அவ்வப்போது படத்தைப் பெறும். காட்டு வழியிலும் மலைச்சரிவிலும் கோபுரத்தின் தொடர்பு அறுந்துவிடும். அங்கே விண்ணின் குறிப்பு கிடைப்பினும், வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டுமே தோன்றும். ஆகவே, அத்தகைய வழியில் செல்வோர் படத்தை முன்கூட்டியே சேமித்துக்கொள்ளும் வசதியுள்ளதைத் தேர்தல் வேண்டும். அப்படம் எத்தனை திங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றையும் வாங்கும்போதே கேட்டறிதல் நலம்.

லாரி ஓட்டுவோர், ஊர்தியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைப் பதித்துக்கொள்ளும் கருவியையே நாடவேண்டும். காருக்கென வகுத்த கருவிக்கு எல்லாச் சாலையும் ஒன்றே. 4 மீட்டர் உயரமுள்ள லாரியை 3.5 மீட்டர் உயரமே உள்ள ரயில் பாலத்தின் கீழ்ச் செல்லுமாறு அது தயக்கமின்றிக் கூறும்.

இவையேயன்றி, நண்பகல் வெயிலிலும் திரை தெளிவாகத் தெரிகின்றதா, ஓட்டுநர்க்குப் பழகிய மொழியில் குரல் ஒலிக்கின்றதா என்பனவும் ஆராயத்தக்கன. விளங்காத மொழியில் ஒலிக்கும் குரல், திரையை மீண்டும் மீண்டும் பார்க்கச் செய்யும்.

வழிகாட்டும் கருவி வேறு. இருப்பிடம் அறிவிக்கும் கருவி வேறு. புதிதாகப் பதிவாகும் பேருந்து, வாடகைக் கார் போன்ற பயணிகள் ஊர்திகளில் இருப்பிடம் அறிவிக்கும் கருவியும், ஆபத்தில் அழுத்துவதற்குரிய பொத்தானும் இருத்தல் வேண்டும் என்னும் விதியை இந்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி நடைமுறைப்படுத்தியது. அக்கருவி ஊர்தி எங்குள்ளது என்பதைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவிப்பது. ஓட்டுநர்க்கு வழி கூறுவதன்று. ஒன்றிருப்பதால் மற்றொன்று வேண்டாம் என எண்ணுதல் பொருந்தாது.

பொருத்தும் முறை

நல்ல கருவியும் தகாத இடத்தில் பொருத்தப்பட்டால் பயன் தராது. அது வானத்தைக் காணவேண்டும்; ஆனால் ஓட்டுநரின் பார்வையை மறைத்தல் ஆகாது. முன்கண்ணாடியின் கீழ்விளிம்பை ஒட்டி, சாலையிலிருந்து கண்ணை அதிகம் திருப்பாமலே காணத்தக்க இடமே ஏற்றது. விபத்தின்போது காற்றுப்பை வெடித்து விரியும் வழியில் கருவி இருத்தல் கூடாது. இருப்பின், அது எறிகல்லாகித் தாக்கும். சில கார்களின் முன்கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. அப்பூச்சு வானொலி அலைகளையும் தடுத்துவிடும். அத்தகைய ஊர்தியில், மேற்கூரையில் தனி ஏரியல் பொருத்தி அதனைக் கருவியோடு இணைத்தல் வேண்டும்.

மின்சாரம் தருவதிலும் கருத்து வேண்டும். கார்களில் பாட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட். பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் பொதுவாக 24 வோல்ட். 12 வோல்ட்டுக்கென அமைந்த கருவியை 24 வோல்ட்டில் இணைத்தால் அது கருகிப்போகும். கருவிக்குச் செல்லும் மின்கம்பியில் தக்க அளவுள்ள ஃபியூஸ் இருத்தல் வேண்டும். கம்பிகள் ஸ்டியரிங் சக்கரத்திலோ, காலடியிலுள்ள பிரேக் மிதியிலோ சிக்காதவாறு ஓரமாக ஒதுக்கிக் கட்டப்படுதல் வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய ஊர்தியினுள் வெப்பம் மிகுமாதலால், கழற்றத்தக்க கருவியைக் கழற்றி நிழலில் வைத்தல் அதன் ஆயுளை நீட்டிக்கும்.

பயன்படுமாறு அமைத்தல்

புதுக்கருவியை முதன்முதல் இயக்கும்போது, ஊர்தியைத் திறந்த வெளியில் நிறுத்திச் சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். ஒரு துணைக்கோள் தன் பாதையைப் பற்றிய செய்தியை 30 வினாடிகளுக்கு ஒருமுறை அறிவிக்கின்றது. எல்லாத் துணைக்கோள்களையும் பற்றிய பொதுக்குறிப்பு முழுவதும் வந்து முடிய பன்னிரண்டரை நிமிடங்கள் ஆகும். இணையத் தொடர்புள்ள கைப்பேசி இச்செய்திகளை வேறு வழியாக விரைந்து பெற்றுவிடும். தனிக்கருவிக்கோ சிறிது பொறுமை வேண்டும். இதனை அறியாதார், புதுக்கருவி பழுதுற்றது எனக் கருதிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதும் உண்டு.

பின்னர் மொழி, குரலின் அளவு, தொலைவின் அலகு ஆகியவற்றை அமைத்தல் வேண்டும். ஊர்தியின் வகையையும் அளவுகளையும் பிழையின்றிப் பதித்தல் வேண்டும். வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. "மிகக் குறைந்த தொலைவு" என அமைத்தால், பத்து மீட்டர் மிச்சமாகும் என்பதற்காக வரப்பையொட்டிய மண்பாதையிலும் கருவி ஊர்தியைச் செலுத்தும். "மிகக் குறைந்த நேரம்" என அமைத்து, மண்பாதைகளைத் தவிர்க்குமாறும் பணித்தல் பொதுவாக நன்று.

ஊரின் பெயரால் இடத்தைக் குறித்தால் மாவட்டத்தின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரே பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் பலவுண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிப்போர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரு பாகை 60 கலைகளாகப் பகுக்கப்படும். சென்னை நகரின் ஓரிடம் 13 பாகை 5 கலை வடக்கு எனக் கொள்வோம். இதனைத் தசம முறையில் 13.083 என எழுதுதல் வேண்டும். அவசரத்தில் 13.05 எனப் பதித்துவிட்டால், அது 13 பாகை 3 கலையைக் குறிக்கும். ஒரு கலை ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்; ஆகவே, குறித்த இடத்திலிருந்து 3.7 கிலோமீட்டர் தெற்கே ஊர்தி சென்று நிற்கும். நோயாளியை அழைத்துவரப் புறப்பட்ட மருத்துவ ஊர்தி இவ்வாறு சென்று நின்றால் விளைவது யாது? எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எல்லாம் அமைத்தபின், நன்கு பழகிய சாலையொன்றில் கருவியை ஒருமுறை சோதித்துப் பார்த்தல் அறிவுடைமை. அறிந்த வழியில் அது எங்கே சரியாகக் கூறுகின்றது, எங்கே தடுமாறுகின்றது என்பது தெரிந்தால், அறியாத வழியில் அதனை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

கருவி அறியாதவை

திறந்த வானத்தின் கீழ் இன்றைய கருவிகள் ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குச் செம்மையாக இடத்தைக் காட்டுகின்றன. சுரங்கப் பாதையில் குறிப்புகள் வந்து சேரா. உயர்ந்த கட்டடங்களின் சுவரில் பட்டுத் திரும்பிவரும் அலைகள் நீண்ட வழி சுற்றி வருவதால் தொலைவு கூடுதலாகத் தோன்றும். மேம்பாலத்தின் மேலே செல்லும் ஊர்தி கீழே செல்வதாகவும், கீழே செல்வது மேலே செல்வதாகவும் கருவி மயங்குவதுண்டு. இவை சிறு பிழைகள். படத்தினால் விளையும் பிழைகளோ உயிரைக் கவரக் கூடியவை.

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், உத்தரப்பிரதேச மாநிலத்தின் பரேலி மாவட்டத்தில் மூவர் வழிகாட்டியின் துணையோடு காரில் சென்றுகொண்டிருந்தனர். இராமகங்கை ஆற்றின்மேல் இருந்த பாலத்தின் ஒரு பகுதி அதற்கு முன்னரே வெள்ளத்தால் அழிந்திருந்தது. அச்செய்தி கருவியின் படத்தில் ஏறவில்லை. வழியை அடைத்துப் போதிய தடுப்பும் வைக்கப்படவில்லை. முறிந்த பாலத்திலிருந்து கார் ஆற்றில் வீழ்ந்து மூவரும் மாண்டனர். ஊர்தி எங்குள்ளது என்பதில் கருவி பிழைக்கவில்லை. முன்னே பாலம் இல்லை என்பதை அது அறியவில்லை.

நீலகிரி மாவட்டத்தில் உதகையிலிருந்து முதுமலைக் காட்டை நோக்கி இறங்குவதற்குக் கூடலூர் வழியாக ஒரு சாலையும், கல்லட்டி வழியாக மசினகுடிக்கு ஒரு சாலையும் உள்ளன. தொலைவை மட்டும் நோக்கினால் கல்லட்டிச் சாலையே குறுகியது. ஆனால் அது மிகச் செங்குத்தானது. 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. அங்கே தாழ்ந்த கியரில் இறங்காது பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே வருவோரின் பிரேக் சூடேறிப் பிடிப்பற்றுப் போகும். பல உயிர்கள் மடிந்தமையால், வெளியூர் ஊர்திகள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதற்கப்பால் பந்திப்பூர்க் காட்டின் ஊடே மைசூருக்குச் செல்லும் சாலையில், வனவிலங்குகளின் நலங்கருதி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடையுண்டு. இத்தகைய சரிவையும் தடையையும் கருவி சில சமயம் கூறலாம், கூறாதும் போகலாம். சாலையோரத்து அறிவிப்புப் பலகையும், சோதனைச் சாவடிக் காவலரும், தேநீர்க் கடையில் நிற்கும் உள்ளூர் ஓட்டுநரும் தவறாது கூறுவர்.

ஓட்டுநரின் கடமை

மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி மூன்று வினாடிகளில் 50 மீட்டர் கடந்துவிடும். திரையில் எழுத்தைத் தேடும் மூன்று வினாடிகளில், ஓட்டுநர் அவ்வளவு தொலைவையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவரே ஆவார். ஆதலின், செல்லுமிடத்தைப் புறப்படுமுன் பதித்தல் வேண்டும். வழியில் மாற்ற நேரின், ஊர்தியை ஓரமாக நிறுத்திய பின்னரே மாற்றுதல் வேண்டும். புறப்படுமுன் வழி முழுவதையும் ஒருமுறை படத்தில் நோக்கி, இடையிலுள்ள பேரூர்களின் பெயரை மனத்திற் கொள்வோர், கருவி தடுமாறும்போது தாமும் தடுமாறார். கருவி ஒன்று கூற, கண் வேறொன்றைக் காணுமாயின் கண்ணையே நம்புதல் வேண்டும். இருளில் ஐயம் தோன்றின், நின்று வினவுதல் இழிவன்று.

இன்னும் ஒரு கடமை உண்டு. முறிந்த பாலத்தையோ, அடைபட்ட சாலையையோ, தவறாகக் குறிக்கப்பட்ட ஊரையோ கண்டவர், தாம் தப்பினோம் என எண்ணி வாளா சென்றுவிடுதல் கூடாது. இன்றைய வழிகாட்டிகள் பலவற்றில், படத்திலுள்ள பிழையை அறிவிப்பதற்கு வசதியுண்டு. அதன் வழியாகவோ, அருகிலுள்ள காவல் நிலையத்தின் வழியாகவோ அதனைத் தெரிவித்தால், பின்வரும் ஒருவரின் உயிர் காக்கப்படும். வழி நடந்து வந்தவன் எதிர் வருவோனுக்கு உள்ளவாறு உரைப்பதே பழந்தமிழர் போற்றிய பண்பு. விண்ணிலுள்ள கோள்கள் ஊர்தியின் இடத்தைச் சொல்லும். வழியின் தன்மையைச் சொல்லும் பொறுப்பு, அவ்வழியே சென்ற மனிதருடையதே ஆகும்.